முடிவு பார்த்து வந்தவள்

வத்தல்மலைக்காரர்கள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. இதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. காலை வண்டியில் மிளகோ பலாவோ பூவோ ஏற்றிக்கொண்டு தருமபுரிக்கு இறங்கினால், விற்று முடிய உச்சிப் பொழுது ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு மதியக் காட்சிக்குத்தான் போக முடியும். மலைக்குத் திரும்புகிற கடைசி வண்டியோ படம் முடிவதற்குள் கிளம்பிவிடும். அதை விட்டால் அடிவாரத்தில் கிடக்க வேண்டியதுதான். அதனால் திரையில் என்ன நடந்தாலும் சரி, கதாநாயகன் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாலும் சரி, நேரம் வந்ததும் ஒருவரை ஒருவர் தொட்டு எழுப்பி, காலி மூட்டைகளைச் சுருட்டிக்கொண்டு, குனிந்தபடி வெளியே வந்துவிடுவார்கள். மற்ற சனங்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். பிறகு, மலை வண்டிக்கு நேரமாகிவிட்டது என்றால் படம் முடியப்போகிறது என்று தெரிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள்.

மிச்சப் படம் வண்டியில் ஓடும். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் நீள சீட்டில் தீர்த்தம்மாள் உட்காருவாள். பூ வியாபாரம் செய்கிறவள், குரலைத் தாழ்த்தத் தெரியாதவள். "இப்ப அந்த வில்லன் என்ன பண்ணியிருப்பான்னா" என்று அவள் ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்குப் பேசுவார்கள். அடிவாரம் வரைக்கும் சண்டைதான். முதல் கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேர் ஒத்துப்போவார்கள். கடைசி வளைவு திரும்புவதற்குள் ஒரு முடிவு உறுதியாகிவிடும். மறுநாளிலிருந்து ஊருக்கு அதுதான் அந்தப் படத்தின் முடிவு. படமே பார்க்காதவர்களும் அதைத்தான் சொல்வார்கள். பல மாதம் கழித்து அதே படம் டிவியில் வந்து, கடைசியில் வேறு என்னவோ நடந்தால், "என்னத்தயோ மாத்திட்டானுங்க, நம்முளுதே நல்லா இருந்துச்சு" என்று சேனலைத் திருப்பிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வண்டி அந்தத் திங்கட்கிழமை முடிவு இல்லாமல் மேலே வந்து நின்றது. அதற்குக் காரணம் மணிமேகலைதான் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது எல்லோரும் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

மணிமேகலையை எல்லோரும் மணி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவது முடித்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். கொடுத்த வேலையைச் செய்வாள். கேட்டால் மட்டும் பேசுவாள், அதுவும் கேட்டவர் பொறுமையாக நின்றால். அவளைக் கடத்தூர்ப் பக்கம் மாதேஷுக்குக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய அப்பா காலத்தில் மலையிலிருந்து இறங்கிப்போன குடும்பம். மாதேஷ் ரோட்டோரம் கிரில் கேட் அடிக்கிற பட்டறை வைத்திருக்கிறான். குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துக்கொண்டு வருவான். மாதத்துக்கு ஒரு படத்துக்குக் கூட்டிப்போவான்.

அந்தப் படங்களை மட்டும் அவள் கடைசி வரைக்கும் பார்த்திருக்கிறாள். ஆனால் வெளியே வந்ததும் நடப்பது எப்போதும் ஒன்றுதான். மாதேஷின் கூட்டாளிகள் யாராவது வாசலில் நிற்பார்கள். "என்ன தங்கச்சி, படம் எப்படி?" என்பார்கள். அவள் மூச்சை இழுப்பதற்குள் மாதேஷ் சொல்லிவிடுவான். "அவளுக்குப் புடிக்கலப்பா. சண்டை வந்தாலே கண்ண மூடிக்குவா." அவள் கண்ணை மூடியிருக்க மாட்டாள். இன்னொரு தடவை, "அவ அழுதுட்டாப்பா" என்பான். அழுதிருக்க மாட்டாள். விருந்துக்குப் போன வீட்டில், "இவளுக்குக் கத்திரிக்கா ஆகாதுங்க" என்பான். ஆகும். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை. அவளைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று முந்திக்கொண்டு சொல்கிறான் என்றுகூட அவளுக்குத் தோன்றும். போகப் போக, தனக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்பதில் அவளுக்கே சந்தேகம் வந்தது. ஒருநாள் சந்தையில் கத்திரிக்காய்க்கு முன்னால் நின்று, எனக்கு இது ஆகுமா ஆகாதா என்று வெகுநேரம் யோசித்தாள். அன்றைக்குக் கொஞ்சம் பயந்துபோனாள்.

சாமை அறுப்புக்கு உதவி செய்ய அண்ணன் வீட்டுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அறுப்பு முடிந்தது, சாமை குத்தியாயிற்று, சோளமும் விதைத்தாயிற்று. என்ன நடந்தது என்று அண்ணன் மாதையன் கேட்டான். ஒன்றும் இல்லை என்றாள். அண்ணி நிர்மலா தனியாக மாட்டுக் கொட்டகையில் வைத்துக் கேட்டபோது, ரொம்ப நேரம் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவரு என் பேச்சயும் சேத்துப் பேசிடறாருங்க அண்ணி" என்றாள்.

நிர்மலா சிரித்துவிட்டாள். "எங்கூட்டுக்காரரு அவரு பேச்சயே பேச மாட்டேங்கறாரு. நான் எங்க போய்ச் சொல்லிக்க?"

மணியும் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தக் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்தபோது அது காரணம் மாதிரியே இல்லை. ஆனால் கடத்தூர் வண்டி ஏற நினைத்தால் கால் வரவில்லை. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் கூப்பிட வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். இந்தத் தடவை வருகிறாளா இல்லையா என்று முடிவாகத் தெரிந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தான். "நீ சொல்றதுதான் மணி, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று மாதையன் முடித்துக்கொண்டான்.

இந்த நேரத்தில்தானா அந்தப் படம் வர வேண்டும். ஒருத்தி புருஷன் வீட்டை விட்டு வந்து, ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறாள். ஏன் வந்தாள் என்று சொல்வதில்லை. அடி கிடையாது, உதை கிடையாது, இன்னொரு பெண் கிடையாது. ஊர் ஊராகத் தேடி, புருஷன் கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மழையில் நிற்கிறான். அவள் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த இடத்தில்தான் தீர்த்தம்மாள் மணியின் தோளைத் தொட்டு, "எந்திரி, வண்டி போயிரும்" என்றாள்.

வண்டி பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"போயிருப்பா" என்றாள் தீர்த்தம்மாள். "போவாம? அந்தப் பையன் மூஞ்சியப் பாத்தீங்களா? நனஞ்ச கோழி மாதிரி நிக்கறான், பாவம்."

"நனஞ்சா போயிரணுமாக்கா?" என்றான் மினி டிராக்டர் ஓட்டுகிற காளி. "போறதா இருந்தா இட்லிக் கடைக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பாட்டு வெக்கறான்? கடை நிக்கும். அவளும் நிப்பா."

"பாட்டு வெச்சுட்டா? போன படத்துல கிணத்துக்குக்கூடப் பாட்டு வெச்சான். யாரு குடியிருந்தா கிணத்துல?"

வண்டியே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பின் சீட்டிலிருந்து ஒரு கிழவர், "காரணம் சொல்லாம வந்தவள வந்து கூப்புடறதே பெரிய மனசுங்க" என்றார்.

"காரணம் இல்லாமயா ஒருத்தி வருவா?" என்றாள் நிர்மலா. அவள் படத்தைப் பற்றிப் பேசி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை.

"இருந்தாச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் கிழவர்.

அப்போதுதான் மணிக்கு உறைத்தது. இவர்கள் இட்லிக் கடைக்காரியைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். போக வேண்டும் என்று ஒருவர் பேசும்போது, அதுதான் சரி என்று இருந்தது. காளி பதில் சொன்னால் அதுவும் சரியாக இருந்தது. வளைவுக்கு வளைவு வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய, அவள் மனசும் கூடவே சாய்ந்தது. கடைசி வளைவில் தீர்த்தம்மாள் தாங்க முடியாமல் திரும்பினாள்.

"மணி, நீதான் சொல்லேன். அவ போயிருப்பாளா, மாட்டாளா?"

வண்டி முழுக்கக் காது வைத்தது.

"தெரியலைங்க அக்கா" என்றாள் மணி.

அப்புறம் இரண்டு நாள் ஊரே ஒரு மாதிரியாக இருந்தது. முடிவு இல்லாத படத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குழாயடியில் போயிட்டா என்றார்கள். டீக்கடையில் போகலை என்றார்கள். மணி நடந்து வந்தால் இரண்டு இடத்திலும் பேச்சு நின்றது.

வியாழக்கிழமை காலையில், மிளகு மூட்டையை நான் எடுத்துப் போகிறேன் என்று மணி கேட்டு வாங்கிக்கொண்டாள். வண்டி ஏறும் முன் அண்ணியிடம் மெதுவாக, "நான் கடைசி வண்டிக்கு வரலன்னா அண்ணன அடிவாரத்துக்கு பைக் எடுத்துட்டு வரச் சொல்லுங்க அண்ணி" என்றாள். நிர்மலா ஏன் என்று கேட்கவில்லை. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

முடிவைப் பார்த்துவிட்டால் தனக்கும் தெரிந்துவிடும் என்று மணி நம்பினாள். படம் எடுத்தவன் இதையெல்லாம் யோசித்திருப்பான். அவன் பெரிய படிப்புப் படித்தவனாக இருப்பான். அந்தப் பெண் என்ன செய்தாளோ அதையே செய்துவிடலாம். இரண்டு இரவாக அவளுக்குத் தூக்கம் வந்ததே இந்த நினைப்பில்தான்.

மதியக் காட்சியில் அதே இடத்தில் மலைக்காரர்கள் எழுந்து போனார்கள். அன்றைக்கு நாலைந்து பேர்தான். அதில் ஒருவர் அவளையும் தொட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள். ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி இருந்தது.

திரையில் அந்தப் புருஷன் ரோட்டைத் தாண்டி வந்தான். தள்ளுவண்டிக்கு முன்னால் நின்றான். பேசவில்லை. அவள் தட்டை நீட்டினாள். நின்றபடியே சாப்பிட்டான். அப்போதும் பேசவில்லை. தட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பஸ் நகர்ந்தது. தள்ளுவண்டி மட்டும் நின்றது. இட்லிப் பானையில் ஆவி போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேரையும் காணோம்.

விளக்குப் போட்டுவிட்டார்கள்.

மணி எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று நினைத்தாள். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தும் ஒன்றும் வரவில்லை. சுற்றிலும் சனங்கள் பேசிக்கொண்டே வெளியேறினார்கள். "பஸ்ல ஏறி அவன்கூடப் போயிட்டா" என்றாள் ஒரு காலேஜ் பெண். "லூசு, அவன்தான் ஏறிப் போனான். அவ தண்ணி எடுக்கப் போயிருப்பா" என்றாள் இன்னொருத்தி. "ரெண்டு பேரும் பொழப்பத் தேடி வேற ஊருக்குப் போயிட்டாங்க" என்றார் ஒரு பெரியவர். கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தவர்களும் மலை வண்டிக்காரர்களைப் போலத்தான் பேசினார்கள். இதற்காகவா வண்டியை விட்டோம் என்று மணிக்கு இருந்தது.

பக்கத்து சீட்டில் ஓர் அம்மாள் கைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் வளையல் கடை வைத்திருக்கும் ஜான் பீ. மணி அந்தக் கடையில் வளையல் வாங்கியிருக்கிறாள். கண்ணாடி கிடைத்ததும் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?"

மணி பழக்கத்தில் பேசாமல் இருந்தாள். பதில் சொல்ல வேறு யாரும் வரவில்லை. ஜான் பீயோ அவசரம் இல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் கடைசி வரைக்கும் வாயே தொறக்கல பாருங்க" என்றாள் மணி. அவள் குரல் அவளுக்கே புதுசாகக் கேட்டது. "அது எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க."

"அதாம்மா எனக்குப் புடிக்கல" என்றார் ஜான் பீ. "அவ்ளோ தூரம் வந்தவன் ஒரு வார்த்த பேச வேணாமா? எங்கூட்டுக்காரரா இருந்தா தட்டக் குடுத்திருக்க மாட்டேன்."

"பேசியிருந்தா அவ வாயத் தொறந்திருக்க மாட்டாங்க" என்றாள் மணி.

ஜான் பீ கொஞ்ச நேரம் யோசித்தார். "இருக்கும்" என்றார். "ஆனா எனக்குப் புடிக்கல." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மணி வெளியே வந்து அடிவாரம் போகிற பஸ்ஸில் ஏறினாள். தான் சொன்னதை அந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் மனசு லேசாக இருந்தது. அது ஏன் என்று அடிவாரம் வரைக்கும் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மாதையன் பைக்கோடு நின்றிருந்தான். பாதி மலை ஏறியாயிற்று. பிறகு முன்னால் பார்த்தபடியே, "முடிவு பாத்தியா?" என்றான்.

"பாத்தேண்ணா."

"என்ன ஆச்சு?"

"ஒரு பஸ்ஸு குறுக்க வந்துருச்சு."

மாதையன் பைக்கை ஓரம் கட்டினான். "அப்புறம்?"

"அவ்வளவுதாண்ணா."

அவன் மறுபடியும் வண்டியைக் கிளப்பினான்.

விடிவதற்குள், மணி முடிவு பார்த்து வந்திருக்கிறாள் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தீர்த்தம்மாள் பூக்கூடையோடு முதல் ஆளாக வந்தாள். மணி நடந்ததை நடந்தபடி சொன்னாள். தீர்த்தம்மாள் நம்பவில்லை.

"பஸ்ஸு குறுக்க வந்தா அது எப்படிடி முடிவாவும்? பஸ்ஸு போனதுக்கு அப்புறம் எதாச்சும் காட்டியிருப்பான். நீ தூங்கியிருப்ப."

"தூங்கலைங்க அக்கா."

"அப்ப மறைக்கற" என்றாள் தீர்த்தம்மாள். "ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிரு. சொல்லலன்னா நாங்களே ஒண்ணு முடிவு பண்ணிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை மாதேஷ் தனியாகத்தான் வந்தான். பையில் ஆப்பிளும் ஒரு புடவையும் இருந்தன. மாதையன் நாற்காலி போட்டான். நிர்மலா காப்பி கொடுத்தாள். வேலியோரம் காளி வண்டிக்குக் காற்றுப் பார்ப்பதுபோல் நின்றான். தீர்த்தம்மாள் எதுபோலவும் நடிக்காமல் நேராக வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். மணி கதவோரம் நின்றாள். போகிறேன் என்று சொல்லலாமா வேண்டாமா என்பது அப்போதும் அவளுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் பேச்சு நடந்தது. தீர்த்தம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏந்தம்பி, அந்த இட்லிக் கடைப் படம் பாத்தீங்களா?"

"பாத்தேங்க அக்கா" என்றான் மாதேஷ். "பசங்களோட போனேன். கடைசில அவன்கூடப் போயிடறா. பஸ் ஏறிப் போறத தெளிவாக் காட்டறானே."

"எங்க மணி வேற மாதிரி சொல்லுதே. ரெண்டு பேரயும் காணோம்னு சொல்லுது."

மாதேஷ் சிரித்தான். கெட்ட சிரிப்பு ஒன்றும் இல்லை. "அவளுக்குப் புரிஞ்சிருக்காதுங்க. இந்த மாதிரிப் படமெல்லாம் அவளுக்குப் புடிக்காது."

காப்பி டம்ளரை எடுக்கக் குனிந்த நிர்மலா அப்படியே நின்றுவிட்டாள். மாட்டுக் கொட்டகையில் சிரித்த சிரிப்பு அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மெதுவாக நிமிர்ந்து மணியைப் பார்த்தாள். மற்றவர்கள் ஒன்றும் கவனிக்கவில்லை. கவனிக்கும்படி அங்கே ஒன்றும் நடக்கவும் இல்லை.

"எனக்குப் புடிச்சிருந்துச்சு" என்றாள் மணி.

மாதேஷ் திரும்பினான். "என்னது?"

"அந்தப் படம். புடிச்சிருந்துச்சு. ரெண்டு தடவ பாத்தேன்."

"ரெண்டு தடவயா? நீயா?" அவன் மாதையனைப் பார்த்தான், தீர்த்தம்மாளைப் பார்த்தான். யாராவது விளக்கிச் சொல்வார்களா என்று பார்ப்பதுபோல் இருந்தது. "அதுல என்ன புடிச்சிருந்துச்சு?"

கேட்கிறானா, கேலி செய்கிறானா என்று மணிக்குத் தெரியவில்லை. ஆனால் கேள்வி என்னவோ அவளிடம்தான் வந்திருந்தது. அது போய்விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அவன் பேசாம சாப்பிட்டுட்டு நிக்கறான்ல, அந்த எடம். அவ வாயத் தொறக்கற வரைக்கும் அவன் நிக்கறான்." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய வந்ததும் உங்க கூட்டாளிங்க என்னக் கேப்பாங்கல்ல, படம் எப்படின்னு? ஒரு தடவ கூட நான் சொன்னதில்ல. எனக்குக் கத்திரிக்கா ஆவும். நான் அழுவல."

மாதேஷின் முகத்தில் ஒன்றும் புரியாத பார்வைதான் இருந்தது. "இதுக்கா?" என்றான். "இதுக்கா இத்தன நாளு?"

"இதுக்குத்தானான்னு எனக்கும் தெரியல" என்றாள் மணி. "இன்னைக்கு நான் வரல. வர்ற வியாழக்கெழம தருமபுரிக்கு வாங்க. அந்தப் படத்த ஒண்ணாப் பாக்கலாம். வெளிய வந்து யாராச்சும் கேட்டா நீங்க பேசக் கூடாது. அப்புறம் நான் சொல்றேன்."

வேலியோரம் காளி காற்றுப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். மாதையன் தரையைப் பார்த்தான்.

"வியாழக்கெழம வரைக்கும் படம் ஓடுமா?" என்று கேட்டான் மாதேஷ். வேறு கேட்பதற்கு அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை போலும்.

"இதென்னப்பா" என்றாள் தீர்த்தம்மாள். அவளுக்கு உண்மையிலேயே மனசு ஆறவில்லை. "ஒரு வாரமாக் காத்திருக்கறோம். போறதும் இல்ல, போவாததும் இல்ல. தம்பி, நீங்களே சொல்லுங்க. மணி உங்க வூட்டுக்கு வருதா, வரலயா?"

மாதேஷ் வாயைத் திறந்தான். "அவ" என்று ஆரம்பித்தான். பிறகு மணியைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான். புரிந்துதான் நிறுத்தினானா, சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் நிறுத்தினானா என்று அவளுக்கு விளங்கவில்லை. அவனுக்கே விளங்கியிருக்குமா என்பதும் தெரியவில்லை. ஆனால் அவன் பேசவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வியாழக்கெழம சொல்றேங்க அக்கா" என்றாள் மணி. உள்ளே போய், அவன் கொண்டுவந்த ஆப்பிளை நறுக்கித் தட்டில் போட்டு எடுத்து வந்தாள்.